இறக்காத கை

"குதிரைப்படையில் கேப்டனாக இருந்தவன் நான். என்னைப் பிடித்து மாவாட்ட வைத்திருக்கிறாய்."

ஒனூஃப்ரி இப்படித்தான் முறையிட்டார். அன்று காலையில் இது முதல் முறையும் இல்லை.

வாலென்டி நிமிரவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு குதிரையின் வாலை வரைந்துகொண்டிருந்தான். வால் முடிந்த பிறகுதான் பதில் வந்தது.

"மணல் காய்ந்துவிட்டது, கேப்டன். கொஞ்சம் தண்ணீர் விடுங்கள்."

முணுமுணுத்துக்கொண்டே அவர் தண்ணீர் விட்டார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குரு சீடன் கதை என்றால் குருவுக்குத் தாடி நரைத்திருக்க வேண்டும், சீடனுக்கு மீசை அரும்பியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள். இங்கே எல்லாம் தலைகீழ். சீடருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. குருவுக்குத் தாடியே இன்னும் சரியாக வளரவில்லை. அதனால் குருவை அவன் என்றும் சீடரை அவர் என்றும்தான் சொல்லப்போகிறேன். அவர்களும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். கேப்டன் குருவை நீ என்பார். குரு சீடரை நீங்கள் என்பான். இருவருக்கும் அது உறுத்தியதாகத் தெரியவில்லை.

இருவரும் போலந்துக்காரர்கள். ரஷ்யச் சக்கரவர்த்தியை எதிர்த்து எழுந்த போலந்துப் படை தோற்று, வார்சா நகரம் விழுந்து, மிச்சமிருந்தவர்கள் எல்லை தாண்டிப் பிரான்சுக்கு வந்து சேர்ந்த காலம். ஒரு சின்ன ஊர் அவர்களுக்கு இடம் கொடுத்தது. இவர்களுடைய பாஷையில் ஒரு வார்த்தைகூடத் தெரியாத ரொட்டிக்கடைக்காரர், காலையில் சூடான ரொட்டியைக் கையில் வைத்துவிட்டுப் பேசாமல் போனார். அச்சுக்கூடம் நடத்திய ஒரு விதவை, பின்கட்டு அறையையும் ஒரு பழைய கல்லச்சு யந்திரத்தையும் வாலென்டிக்கு விட்டுக்கொடுத்தாள். கற்களையும் கொடுத்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. நல்லவர்கள் சில நேரம் கேள்வி கேட்க மறந்துவிடுகிறார்கள். அந்த மறதிக்குக் கோடி கும்பிடு போடலாம்.

கல்லச்சு என்றால் கல்லைச் செதுக்குவது இல்லை. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின் மேல், மெழுகும் கரியும் சேர்ந்த குச்சியால் வரைவார்கள். பிறகு கல்லை நனைத்து மை உருட்டினால், மெழுகு பட்ட இடத்தில் மட்டும் மை ஒட்டும். ஈரத்தில் ஒட்டாது. மேலே தாளை வைத்து அழுத்தினால் படம் தாளுக்கு வந்துவிடும்.

வேலை முடிந்ததும் அதே கல்லில் மணல் தூவி, தண்ணீர் விட்டு, இன்னொரு கல்லால் அரைத்துப் பழைய படத்தை அழிக்க வேண்டும். அப்போதுதான் கல் அடுத்த படத்துக்குத் தயாராகும்.

அந்த அரைக்கிற வேலைதான் கேப்டனுக்குக் கிடைத்திருந்தது.

வாலென்டி போருக்கு முன்னால் வார்சாவில் ஓவியம் படித்தவன். போரில் காலாட்படை கார்ப்பரல். கொஞ்சம் வாய்த்துடுக்கு. அந்த அறையில் குறுக்கே கட்டிய கயிற்றில் அவன் அச்சிட்ட படங்கள் காய்ந்துகொண்டிருக்கும். எல்லாம் படைவீட்டுக் காட்சிகள். உருளைக்கிழங்கு சீவும் சிப்பாய்கள். லாடம் அடிப்பவன். ஒருவன் தலையில் இன்னொருவன் பேன் பார்ப்பது. மழையில் ஒரே போர்வைக்குள் மூன்று பேர்.

கேப்டனுக்கு இந்தப் படங்களைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும்.

"போரை வரை. கொடியை வரை. சட்டியையும் பானையையும் யார் பார்ப்பார்கள்?"

வாலென்டி கயிற்றில் தொங்கிய ஒரு படத்தைக் காட்டினான். புகைக்கு நடுவே கண்ணைக் கசக்கிக்கொண்டு கஞ்சி கிளறும் ஒரு தொந்திச் சமையல்காரன்.

"பனியில் நான் விழப்போன அன்று, இவர் எனக்கு இன்னொரு கரண்டி ஊற்றினார். கொடி எனக்கு எதுவும் ஊற்றவில்லை."

நன்றி சொல்ல வேண்டிய ஆள் ஒருவன் கேப்டனுக்கும் இருந்தான். அவனுக்காகத்தான் அவர் இந்த அறைக்கே வந்தார்.

வந்த அன்று அவர் கேட்டது இதுதான்: "எனக்கு ஒரே ஒரு ஆளை வரையக் கற்றுக்கொடு. வேறு எதுவும் வேண்டாம்."

யார் என்று கேட்டான் வாலென்டி.

"பெயர் தெரியாது," என்றார் கேப்டன். பிறகு உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே, நடந்ததைச் சொன்னார்.

படை பின்வாங்கிக்கொண்டிருந்தது. ஓர் ஆற்றுத்துறையில் கேப்டனின் வலது தோளில் குண்டு பாய்ந்தது. குதிரை செத்து விழுந்தது. எதிரிகள் கரையை நெருங்கிவிட்டார்கள். அப்போது எங்கிருந்தோ ஒரு ஈட்டிக் குதிரைவீரன் வந்தான். வேறு பிரிவைச் சேர்ந்தவன். குதிரையிலிருந்து இறங்கினான். அவரைத் தூக்கித் தன் சேணத்தில் ஏற்றினான். கடிவாளத்தை அவருடைய இடது கையில் திணித்தான். ஓரடி பின்னால் போய், முழங்காலளவு சேற்றில் விறைப்பாக நின்று, சல்யூட் வைத்தான். போலந்துக்காரர்கள் சல்யூட்டுக்கு முழுக் கையை விரிப்பதில்லை. இரண்டு விரல் மட்டும் தொப்பியின் விளிம்பைத் தொடும்.

கேப்டனின் இடது கையில் கடிவாளம். வலது கை ஈரத்துணி மாதிரி தொங்கியது. பதில் சல்யூட் வைக்க முடியவில்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதுவும் வரவில்லை. அதற்குள் குதிரை தண்ணீரில் இறங்கிவிட்டது. பின்னால் துப்பாக்கிகள் வெடிப்பது கேட்டது.

படையில் ஒரு வழக்கம் உண்டு. மேலதிகாரிக்குச் சல்யூட் வைத்தவன், அவர் பதில் வைக்கும்வரை கையை இறக்கக் கூடாது.

"அவன் இன்னும் அங்கேயேதான் நிற்கிறான், வாலென்டி," என்றார் கேப்டன். "கையை இறக்கவே இல்லை. நான் கண்ணை மூடினால் நிற்கிறான்."

வாலென்டி எழுந்து போய், ஒரு கனத்த கல்லைத் தூக்கிவந்து அவர் மடியில் வைத்தான்.

"அரையுங்கள்," என்றான்.

இப்படித்தான் பாடம் தொடங்கியது.

அந்தத் தோள் முழுதாகக் குணமாகவில்லை. கை முன்னால் நீளும், எழுதும், கரண்டி பிடிக்கும். தோளுக்கு மேல் மட்டும் ஏறாது. தெருவில் போலந்துச் சிப்பாய்கள் எதிரே வந்து சல்யூட் வைத்தால் அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார். பதில் வைக்க முடியாதவனுக்குத் தொப்பி எதற்கு என்று, போலந்துப் படைக்கே உரிய தன்னுடைய சதுரத் தொப்பியை அச்சறை ஆணியில் மாட்டியவர் அதைத் திரும்ப எடுக்கவே இல்லை. அவர்களுடைய படையில் வெறுந்தலையோடு சல்யூட் கிடையாது. அதனால் அவருக்கும் ஒரு சாக்கு கிடைத்தது.

முதல் நாள் அவர் இடது கையால் மட்டும் அரைத்தார். வாலென்டி ஓர் அளவுகோலை எடுத்துக் கல்லின் மேல் நிறுத்திக் காட்டினான். ஒரு பக்கம் பள்ளமாகியிருந்தது.

"இரண்டு கையும் வேண்டும், கேப்டன். இல்லையென்றால் கல் கோணலாகிவிடும்."

வலிக்கிறது என்றார் அவர். ஆமாம் என்றான் அவன்.

இரண்டு கையாலும் அரைத்தார். ஆட்டுக்கல்லைச் சுற்றுவது போலச் சுற்றிச் சுற்றி, பெரிய வட்டமாக, கல்லின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை. வாய் மட்டும் ஓயவில்லை. தன் அப்பா, தாத்தா, தாத்தாவின் குதிரை என்று எல்லோருடைய பெருமையையும் அந்த மணலோடு சேர்த்து அரைத்தார். வாலென்டி கேட்டுக்கொண்டே வரைவான். நடுவில் தாத்தாவின் குதிரைக்கு என்ன நிறம் என்று மட்டும் கேட்பான்.

ஒருநாள் அரைத்து முடித்த கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, இதில் நான் எப்போது வரைவது என்று சண்டைக்கு நின்றார். வாலென்டி அந்தக் கல்லை நனைத்து, மை உருட்டி, தாளை வைத்து அழுத்தி எடுத்தான். வெள்ளைத் தாளில் ஐந்து விரல்களும் கறுப்பாக விழுந்திருந்தன. தடவிய விரலில் இருந்த எண்ணெய்ப் பசையைக் கல் பிடித்துவைத்திருந்தது.

"வரைந்துவிட்டீர்களே," என்றான் வாலென்டி. "நன்றாக வந்திருக்கிறது. இப்போது அரையுங்கள்."

கேப்டன் அரைத்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் அரைத்தார்.

இலைகள் உதிர்ந்தன. பனி வந்தது. அச்சுக்கூடக்கார அம்மா விறகு கொண்டுவந்து வாசலில் போட்டுவிட்டு, நன்றி சொல்வதற்குள் ஓடிவிடுவாள். ஒரு நாள் காலையில் மேல் தட்டில் இருந்த, கல்லில் பூசும் பிசின் பாட்டிலைக் கேப்டனே எடுத்துக் கொடுத்தார். எந்தக் கையால் எடுத்தார் என்று அவர் கவனிக்கவில்லை. வாலென்டி கவனித்தான். அன்றுதான் வரையும் குச்சியை அவரிடம் கொடுத்தான்.

கூடவே முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றையும் கல்லுக்குப் பக்கத்தில் நிறுத்தினான். கல்லில் வரைவது தாளில் இடம் வலமாகத் திரும்பி விழும், அதனால் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து வரையுங்கள், கண்ணாடியில் தெரிவதுதான் தாளில் வரும் என்று விளக்கினான். கல்லச்சில் வேலை செய்கிற யாரும் கண்ணாடி இல்லாமல் உட்காருவதில்லை.

கேப்டன் அந்தக் கண்ணாடியைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.

"எனக்கு வேண்டாம்," என்றார்.

ஆற்றைக் கடந்த நாளிலிருந்து அவர் தன் முகத்தைப் பார்ப்பதில்லை. சவரம்கூட ஒரு நண்பர்தான் செய்துவிடுவார். வாலென்டி திருப்பிய கண்ணாடியைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தான்.

முதலில் முகத்தை மட்டும் வரைந்து பழகினார். அந்தச் சிப்பாயின் முகம் வரவில்லை. செத்துப்போன தம்பியின் முகம் வந்தது. ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியார் வந்தார். ஒரு தடவை அச்சு அசலாக ரொட்டிக்கடைக்காரர் வந்துவிட்டார், தலையில் போலந்துத் தொப்பியோடு. கேப்டன் தலையில் அடித்துக்கொண்டு அரைக்கப் போனார். அந்தக் கல்லை மட்டும் வாலென்டி உடனே அழிக்க விடவில்லை. ஒரு பிரதி எடுத்து ரொட்டிக்கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான். கடைக்காரர் அதைச் சட்டம் போட்டு அடுப்புக்கு மேலே மாட்டிவிட்டார். மறுநாள் வந்த ரொட்டியில் திராட்சை இருந்தது.

மற்ற முகங்களை எல்லாம் கேப்டன் ஒவ்வொன்றாக அரைத்து அழித்தார்.

கடைசியில் ஒரு நாள் குச்சியைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னால் முடியாது. அவன் முகம் எனக்கு ஞாபகம் இல்லை." பிறகு, அதைவிடத் தாழ்ந்த குரலில்: "ஞாபகம் இல்லை என்பதும் பொய். நான் பார்க்கவே இல்லை. எனக்காகச் சாக நின்றவனின் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் குதிரையைத்தான் பார்த்தேன்."

அறையில் இருவரைத் தவிர யாரும் இல்லை. வாலென்டி தன் இடத்திலிருந்து திரும்பினான்.

"பார்த்தது என்ன?" என்று கேட்டான்.

"கை. இரண்டு விரல். மணிக்கட்டில் சேறு. மேல் சட்டையில் ஒரு பொத்தான் இல்லை."

"அதை வரையுங்கள்."

கேப்டன் புதிய கல்லை இழுத்துப் போட்டுக்கொண்டார். இந்த முறை அவர் கை தயங்கவில்லை. ஆற்றங்கரையில் கண்டது கண்டபடியே கல்லில் இறங்கியது. நேரே நிற்கும் ஒரு சிப்பாய், முழங்காலளவு சேறு, பொத்தான் இல்லாத சட்டை, உயர்ந்த கை. முகத்தில் தொப்பி விளிம்பின் நிழலும் கையின் நிழலும் விழுந்திருந்தன. அந்த நிழலுக்குள் எந்த முகமும் இருக்கலாம்.

வாலென்டி பின்னால் வந்து நின்று பார்த்தான். அவன் பார்வை சுவரைப் பார்த்திருந்த கண்ணாடிக்குப் போய்விட்டுத் திரும்பியது. ஏதோ சொல்ல வாயெடுத்தவன், சொல்லாமல் மை கலக்கப் போனான்.

அச்சு யந்திரத்தின் சக்கரத்தைக் கேப்டனே சுற்றினார். தாளின் இரண்டு மூலைகளைப் பிடித்து மெதுவாக உரித்து எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

அவர் முகம் வெளுத்துவிட்டது.

"இடது கை," என்றார்.

ஆமாம். தாளில் இருந்த சிப்பாய் இடது கையால் சல்யூட் வைத்துக்கொண்டிருந்தான். கல்லச்சு படிக்கிறவர்கள் முதல் வாரத்திலேயே செய்து முடித்துவிடுகிற தப்பு. அவர் இத்தனை மாதம் காத்திருந்து, செய்யவே கூடாத ஒரே படத்தில் செய்துவிட்டார். போலந்துப் படையில் இடது கையால் சல்யூட் வைத்தால் அது கேலி. அதற்காகச் சிறைக் கொட்டடிக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

"பதில் கொடுக்காமல் வந்தேன். இப்போது அவனைக் கோமாளியாக்கிவிட்டேன்." வாலென்டி பக்கம் திரும்பினார். "நீ பின்னால் நின்று பார்த்துக்கொண்டுதானே இருந்தாய். ஏன் சொல்லவில்லை?"

"கண்ணாடி சொல்லியிருக்கும், கேப்டன்."

அவர் தாளை மேசையில் எறிந்தார். அரைக்கும் கல்லை இரண்டு கையாலும் தூக்கினார். வாலென்டி தன் உள்ளங்கையை அதன் மேல் வைத்தான்.

"கோபத்தில் அரைத்தாலும் கல் கோணலாகும். வைத்துவிடுங்கள்."

அவர் வைத்துவிட்டார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வாலென்டி படம் இருந்த கல்லைத் தூக்கி, மேசையின் மேல் சுவரில் சாய்த்து நிறுத்தினான். தாளை எடுத்து எதிர்ச் சுவரில், ஒரு மனிதனின் முகம் இருக்கும் உயரத்தில், ஆணியில் குத்தினான்.

"ஆற்றங்கரையில் அவர் எந்தக் கையால் வைத்தார்?"

"வலது கையால்."

"கல்லைப் பாருங்கள். கல்லில் எந்தக் கை?"

கேப்டன் பார்த்தார். "வலது."

"அப்படியானால் அவர் கல்லில் சரியாகத்தான் நிற்கிறார். தாளில் நிற்பது அவர் இல்லை."

"பிறகு யார்?"

வாலென்டி ஆணியில் மாட்டியிருந்த சதுரத் தொப்பியை எடுத்து, சட்டைக் கையால் தூசி தட்டி, அவரிடம் நீட்டினான். தோளைத் தொட்டு அவரைத் தாளுக்கு நேரே நிறுத்தினான்.

கேப்டன் தொப்பியை வைத்துக்கொண்டார்.

எதிரே ஒருவன் நின்றான். அவனுடைய தொப்பியும் சதுரம். முகத்தில் நிழல். உயர்ந்திருந்த கை கேப்டனின் வலது கைக்கு நேர் எதிரே இருந்தது, கண்ணாடியில் தெரிகிற சொந்தக் கை இருப்பதைப் போல.

அவர் கை தானாக அசைந்தது. இடுப்பைத் தாண்டியது. மார்பைத் தாண்டியது. தோளுக்கு வந்ததும் அவர் பழக்கத்தில் வலிக்காகக் காத்திருந்தார். வலி வந்தது. ஆனால் கை நிற்கவில்லை. மாதக்கணக்காக அரைத்த கை அது. மேலே போய், இரண்டு விரலும் தொப்பியின் விளிம்பைத் தொட்டன.

தாளில் இருந்தவனுடைய இரண்டு விரலும் அங்கேதான் இருந்தன.

கேப்டன் அழுதார். அவர் அதை மறைக்கவில்லை, நானும் மறைக்கப்போவதில்லை. வாலென்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பிறகு அவர், கையை இறக்காமலே, அப்படியே பின்னால் திரும்பினார்.

மேசைமேல் கல்லில் அந்தச் சிப்பாய் நின்றுகொண்டிருந்தான். முழங்கால்வரை சேறு. மேல் சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. வலது கை நெற்றியில்.

இருவரும் நேருக்கு நேர் நின்றார்கள்.

"நன்றி," என்றார் கேப்டன். ஆற்றங்கரையில் வராத வார்த்தை.

அப்புறம், ஒரு படைப்பிரிவே கேட்கிற பழைய குரலில் சொன்னார்:

"கையை இறக்கு, தம்பி."

தன் கையையும் இறக்கினார். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். கல்லைக் குழந்தையைப் படுக்கவைப்பது போல மெல்லப் படுக்கவைத்தார். மணலை எடுத்துச் சீராகத் தூவினார். அரைக்கும் கல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஜன்னலோரம் நின்றவனைத் திரும்பிப் பார்த்தார்.

"கொஞ்சம் தண்ணீர் விடுங்கள்," என்றார்.